குழலடி எழுத்து

பழைய வீட்டு அலமாரியிலிருந்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வெளியே வந்தால் உடனே எழும் கேள்விகள் இரண்டு. எந்தக் காலத்தது? இன்னும் சுடலாமா? முதல் கேள்விக்கு விடை கிடைக்காமல் இரண்டாவதைத் தொடவே கூடாது. குழல் எந்த ஆண்டு வாக்கில் செய்யப்பட்டது என்று தெரிந்தால், எந்த மருந்தை நம்பிச் செய்தார்கள், எவ்வளவு நீளமான தோட்டாவுக்கு அறை கடைந்தார்கள், எந்த அழுத்தத்துக்குச் சோதித்தார்கள் என்பதெல்லாம் கூடவே தெரிந்துவிடும். எதைக் கொண்டு துடைப்பது, எதைத் தொடாமல் விடுவது என்பதும் அந்த வயதைப் பொறுத்ததுதான். வயது பார்ப்பதும் பராமரிப்பும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள்.

எதற்கும் முன்னால் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் மடித்துத் திறக்கும் வகை என்றால் இரண்டு அறைகளும் கண்ணுக்குத் தெரியும். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் வகையில் அப்படித் தெரியாது. ஒரு மெல்லிய குச்சியை உள்ளே அடிவரை விட்டு, வாய் விளிம்பில் அடையாளமிட்டு, அதே நீளத்தைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்த்தால் அடியில் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று புரியும். நூறாண்டுக்கு முன் கெட்டித்த மருந்தும் உலர்ந்திருந்தால் பற்றிக்கொள்ளும்.

சட்டமும் முன்னால் வர வேண்டியதுதான். பழையது என்பதற்காக மட்டும் இந்தியாவில் ஒரு துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லாமல் போய்விடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களைப் பற்றிப் பேசும்போது, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட உதவாதவை என்ற நிபந்தனையைச் சேர்த்தே பேசுகிறது. தாத்தா காலமானபின் அவருடைய துப்பாக்கி வீட்டில் இருந்தால், காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிப்பதே வழி. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்திலோ 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டது என்றாலே தொன்மைப் பொருள் என்ற வகைக்குள் வந்துவிடும். அங்கே செய்த ஆண்டுக்கே சட்ட மதிப்பு உண்டு.

இனி துப்பாக்கிக்கு வருவோம். எல்லோரும் முதலில் படிப்பது இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டியில் பொறித்த பெயரை. நம் நாட்டில் கிடைக்கும் பழைய துப்பாக்கிகளில் கல்கத்தாவின் மேன்டன், ரோடா, லயன் அண்டு லயன் போன்ற பெயர்கள் இருக்கும். சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்கும் நகைக்கும் பேர்போன பி. ஓர் அண்டு சன்ஸ் பெயர் பொறித்த துப்பாக்கிகளும் உண்டு. இவையெல்லாம் விற்ற கடைகளின் பெயர்கள். செய்த கைகள் பெரும்பாலும் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்தன. அந்த ஊரில் செயின்ட் மேரி தேவாலயத்தைச் சுற்றிய சில தெருக்களே துப்பாக்கித் தொழிலாளர் பேட்டை. குழல் அடிப்பவர் ஒருவர், துளை கடைபவர் இன்னொருவர், கட்டை செதுக்குபவர் வேறொருவர், பூ வேலை செய்பவர் மற்றொருவர் என்று வேலை பல பட்டறைகளில் கைமாறும். பூட்டு எனப்படும் விசையமைப்பு பக்கத்து ஊரான டார்லஸ்டனிலிருந்தும் வெட்னஸ்பரியிலிருந்தும் வரும். கடைசியில் யார் பெயரைக் கேட்கிறார்களோ அந்தப் பெயரைப் பொறித்து அனுப்புவார்கள்.

அதற்காகப் பெயரை ஒதுக்கிவிட வேண்டாம். பெயரோடு இருக்கும் முகவரி பல சமயம் பெயரைவிட உதவும். லண்டனின் பர்டி நிறுவனம் 1882இல் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவை விட்டு சவுத் ஆட்லி தெருவுக்குப் போனது. ஆக்ஸ்ஃபோர்ட் தெரு முகவரி இருந்தால் அதற்கு முந்தையது. ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் என்ற இரட்டைப் பெயர் 1876இல்தான் வந்தது. ஆனால் பெயர் பொய்யும் சொல்லும். பெல்ஜியத்தில் செய்த மலிவுத் துப்பாக்கிகளில் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று பொறித்து, பேர்பெற்ற வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் துப்பாக்கி என்று வாங்குபவரை நினைக்க வைத்தார்கள். அதனால் பெயரைப் படித்துவிட்டு, அதை நம்புவதைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும்.

அமைப்பு பெயரைவிட நேர்மையான சாட்சி. பின்புறம் மடித்துத் திறந்து தோட்டா போடும் முறையைப் பாரிஸின் கசிமிர் லெஃபோஷே 1830களில் கொண்டுவந்தார். அவருடைய தோட்டாவின் பக்கவாட்டில் ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். குதிரை எனப்படும் சுத்தி மேலிருந்து அந்த ஊசியைத் தட்டும். ஊசி வெளியே நிற்பதற்காகக் குழல் விளிம்பின் மேல்பக்கத்தில் சின்னப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். பின்னாளில் நடுவில் தட்டும் தோட்டாவுக்கு மாற்றியமைத்த துப்பாக்கிகளிலும் அந்தப் பள்ளத்தை அடைத்த தடம் தெரியும். குழலைப் பூட்டும் இரட்டைக் கொண்டிக்கு 1863இல் ஜேம்ஸ் பர்டி காப்புரிமை வாங்கினார். கட்டைவிரலால் ஒதுக்கித் திறக்கும் மேல்நெம்பின் அச்சு 1865இல் ஸ்காட் பட்டறையிலிருந்து வந்தது. இவை இரண்டும் சேர்ந்த அமைப்பையே இன்றைக்கும் செய்கிறார்கள். சுட்டதும் தானே பின்வாங்கி நிற்கும் குதிரை 1867இல் ஜான் ஸ்டான்டன் காப்புரிமை. வெளியே குதிரையே தெரியாத, பாக்ஸ்லாக் என்று வழங்கும் அமைப்பை வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸில் வேலை பார்த்த ஆன்சனும் டீலியும் 1875இல் உருவாக்கினார்கள்.

இந்த ஆண்டுகளை ஒரு பக்கமாகத்தான் பயன்படுத்த முடியும். ஸ்டான்டன் பூட்டு இருந்தால் 1867க்கு முன் செய்தது அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். எப்போது வரை செய்தார்கள் என்பதற்கு அதில் விடை இல்லை. வெளிக்குதிரை வைத்த துப்பாக்கிகளை இருபதாம் நூற்றாண்டிலும் வாங்க ஆளிருந்தது, செய்தும் கொடுத்தார்கள். குதிரையைப் பார்த்ததும் ‘விக்டோரியா காலத்தது’ என்று விலை சொல்பவரிடம் வாங்குபவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

காலத்தை இரண்டு பக்கமும் கட்டிப்போடும் சாட்சி குழலுக்கு அடியில் இருக்கிறது. முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தனியே எடுத்து, புரட்டிப் பிடித்தால் தோட்டா அறைகளுக்கு அடியில் தட்டையாகச் சீவிய இரண்டு பட்டைகள் தெரியும். அவற்றில் கிரீடங்களும் எழுத்துகளும் எண்களும் குத்தியிருக்கும். அவைதான் சோதனை முத்திரைகள்.

பிரிட்டனில் எந்தக் குழலையும் சோதிக்காமல் விற்க முடியாது. வழக்கமான அளவைவிடக் கூடுதலாக மருந்து கெட்டித்துச் சுட்டு, பிளக்காமல், புடைக்காமல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். லண்டனில் 1637இல் பட்டயம் பெற்ற துப்பாக்கிக் கலைஞர் சங்கம் அதைச் செய்தது. பர்மிங்காம் சோதனைச் சாலையை 1813இல் நாடாளுமன்றச் சட்டமே நிறுவியது. இரண்டும் இன்றும் இயங்குகின்றன. வயது கணிப்பவருக்கு இதிலுள்ள வசதி, மருந்தும் தோட்டாவும் மாற மாற சோதனை விதிகளும் மாறின என்பதுதான். விதி மாறும்போதெல்லாம் முத்திரையும் மாறியது. 1868, 1875, 1887, 1896, 1904, 1925, 1954 ஆகிய ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றை அந்த இடைவெளிகளில் ஏதாவது ஒன்றுக்குள் அடைத்துவிடலாம்.

ஒரு குழலடியை வரிவரியாகப் படித்துப் பார்ப்போம். குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள், மேலே கிரீடம், இடுக்குகளில் பி, பி, சி என்ற எழுத்துகள். இது பர்மிங்காம் முத்திரை, 1904க்கு முந்தையது. பக்கத்தில் ‘13 பி’ என்றும் அதன் கீழ் ‘14 எம்’ என்றும் இருக்கிறது. முதலாவது துளையின் அளவு, இரண்டாவது வாயின் அளவு. வாய் குறுகியிருக்கிறது, அதாவது ரவைகள் சிதறாமல் போவதற்காகச் சோக் வைத்துக் கடைந்த குழல். அதனால்தான் ‘நாட் ஃபார் பால்’ என்ற எச்சரிக்கையும் குத்தியிருக்கிறது. குறுகிய வாயில் ஒற்றைக் குண்டைப் போட்டுச் சுட்டால் வாய் கிழியும், ரவை மட்டும் போடு என்று பொருள். இந்த வாசகம் 1875 விதியில் வந்து, 1887 விதியில் ‘சோக்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு இடம் கொடுத்தது. ஆக இந்தக் குழல் 1875க்கும் 1887க்கும் இடையில் சோதிக்கப்பட்டது. பன்னிரண்டே ஆண்டு இடைவெளி! பட்டியில் எந்தக் கடைப் பெயர் இருந்தாலும் இவ்வளவு நெருக்கிச் சொல்லாது.

அதே குழலடியில் வேறு வயதுடைய முத்திரைகளும் இருக்கலாம். கிரீடத்தின் கீழ் ‘என்பி’ என்ற எழுத்துகளும், அருகே 2½ அங்குலம் என்ற அளவும் இருந்தால், 1925க்குப் பின் யாரோ ஒருவர் அதே குழலை மீண்டும் சோதனைச் சாலைக்கு அனுப்பி, நைட்ரோ எனும் புகையில்லா மருந்துக்குத் தாங்குகிறதா என்று பார்த்திருக்கிறார். லண்டன் சோதனை என்றால் அந்த எழுத்துகளின் மேல் வளைந்த வாளேந்திய ஒரு கை இருக்கும். நைட்ரோ சோதனை 1896இல் விருப்பத் தேர்வாகத் தொடங்கியது. அப்போது ‘நைட்ரோ ப்ரூஃப்’ என்ற முழுச் சொல்லையும் ரவை எடையையும் குத்தினார்கள். தோட்டா அறையின் நீளத்தைக் குத்தும் வழக்கம் 1925 விதியில் வந்தது. சதுர அங்குலத்துக்கு 3 டன் என்பதுபோல் அழுத்தமே குத்தியிருந்தால் 1954 விதி.

துளை எண்ணைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பன்னிரண்டு போர் என்பது, துளைக்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு என்ற கணக்கு. அதன்படி துளை 0.729 அங்குலம், ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். 13 என்றால் 0.710 அங்குலம். எண் கூடக்கூடத் துளை சிறுக்கும். பன்னிரண்டு போர் தோட்டா போடும் துப்பாக்கியில் 13 என்று இருந்தால் பிழை ஒன்றுமில்லை. தோட்டா அறை 12க்கு, அதற்கு முன்னாலுள்ள துளை கொஞ்சம் இறுக்கமாக 13க்குக் கடைந்திருக்கிறார்கள்.

இந்த எண் வயதை மட்டும் சொல்வதோடு நிற்பதில்லை, அந்தக் குழலுக்கு என்னவெல்லாம் நடந்தது என்பதையும் சொல்லும். பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் உள்விட்டமானி வைத்து அளக்கிறீர்கள். 13 என்று குத்திய குழல் இப்போது 0.728 காட்டுகிறது. உலோகம் தானாக அகலாது. உள்ளே துருக்குழி விழுந்திருக்க, அது மறையும்வரை யாரோ துளையைக் கடைந்து பளபளப்பாக்கியிருக்கிறார். கண்ணாடிபோல் மின்னும் அந்தத் துளைதான் ஆபத்து. குழி இருந்த இடம் போய்விட்டது, கூடவே குழலின் சுவரும் போய்விட்டது. குத்திய அளவிலிருந்து ஏறத்தாழ 0.01 அங்குலம் அகன்றாலே பழைய முத்திரையின் பாதுகாப்பு செல்லாது என்பது பிரிட்டிஷ் துப்பாக்கிக் கலைஞர்கள் பின்பற்றிய கணக்கு.

பிரிட்டனைத் தாண்டினால், பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சோதனை முத்திரை நீள்வட்டத்துக்குள் ‘இஎல்ஜி’ என்ற மூன்று எழுத்துகள். 1893இல் அதன் தலையில் கிரீடம் ஏறியது. கிரீடம் இல்லையென்றால் அதற்கு முன், இருந்தால் பின். 1922 முதல் ஆண்டெழுத்தும் சேர்ந்தது. ‘பெல்ஜியம்’ என்று நாட்டின் பெயரை வெளியே தெரியும்படி குத்தியிருந்தால், இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டைக் குறிக்கச் சொன்ன 1890ஆம் ஆண்டு அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்குப் பின் அங்கே அனுப்பச் செய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து குழலின் உடம்பு. சில பழைய குழல்களில் சுருள் சுருளாக, இலை நரம்புபோல ஓடும் கோலம் இருக்கும். டமாஸ்கஸ் குழல் என்பார்கள். மேலே வரைந்த கோலம் அல்ல அது. இரும்பும் எஃகும் மாற்றி மாற்றி அடுக்கிய பாளத்தைப் பழுக்கக் காய்ச்சிக் கம்பியாக நீட்டுவார்கள். அந்தக் கம்பியைக் கைமுறுக்குக்கு மாவு முறுக்குவதுபோல இறுக முறுக்குவார்கள். முறுக்கிய கம்பிகள் இரண்டு, மூன்று, நான்கைப் பக்கம்பக்கமாக வைத்து அடித்து ஒரே நாடாவாக ஒட்டவைத்து, அந்த நாடாவை ஒரு தண்டின்மேல் சுற்றி, சுற்றுகளின் விளிம்புகளை மறுபடி சூட்டில் அடித்து இணைத்தால் குழல். லியேஜுக்கு அருகே வெஸ்த்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள நெசோன்வோ போன்ற ஊர்களில் குடும்பம் குடும்பமாக இந்த வேலையைச் செய்தார்கள். பர்மிங்காமில் கட்டிய எத்தனையோ துப்பாக்கிகளின் குழல் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வந்ததே.

கோலம் கண்ணுக்குத் தெரியச் செய்வது துரு. அமிலமும் உப்பும் கலந்த கரைசலைப் பூசி ஈரக்காற்றில் வைத்தால் குழல் செந்துரு பிடிக்கும். இரும்பும் எஃகும் ஒரே மாதிரித் துருப்பிடிப்பதில்லை. கரிமம் கூடிய இழை ஒரு நிறமும் குறைந்த இழை வேறு நிறமும் எடுக்கும். தேய்த்து, மறுபடி பூசி, நாள்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தால் முறுக்கின் ஒவ்வொரு திருப்பமும் எழுந்து நிற்கும். அந்தக் குழலைக் கொதிநீரில் போட்டால் செந்துரு கருந்துருவாக மாறும். வேதியியல் சொல்வதானால், நீரேறிய இரும்பு ஆக்சைடு மேக்னடைட்டாகிறது. செந்துரு உதிரும், உதிர்ந்த இடத்தில் புதுத்துரு பிடிக்கும். மேக்னடைட் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்ளும். துருவையே துருவுக்குக் கவசமாக்கிய இந்த உத்தியை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மலிவுத் துப்பாக்கிகளில் சாதாரணக் குழலின்மேல் இந்தக் கோலத்தை அச்சாக ஒட்டி அரித்துவிடுவதும் உண்டு. கண்டுபிடிக்க முன்கட்டைக்கு அடியிலும் குழலடிப் பட்டைகளிலும் பார்க்க வேண்டும். உண்மையான முறுக்கு உலோகத்தின் உள்ளே இருப்பதால் மறைவிடத்திலும் தொடரும். ஒட்டிய கோலம் வெளியே தெரியும் இடத்தோடு நின்றுவிடும்.

ஜோசஃப் விட்வொர்த் உருகிய எஃகை அழுத்திக் கெட்டியாக்கும் முறைக்கு 1874இல் காப்புரிமை வாங்கியபின் ஒரே வார்ப்பு எஃகுக் குழல்கள் மெல்ல மெல்ல இடம் பிடித்தன. விட்வொர்த் எஃகுக் குழல்களில் கோதுமைக் கதிர்க்கட்டு முத்திரை இருக்கும். ஆனால் டமாஸ்கஸ் என்றாலே பலவீனம் என்பது முழு உண்மையல்ல. 1891இல் பர்மிங்காம் சோதனைச் சாலை பலவகைக் குழல்களைப் பிளக்கும்வரை சோதித்தபோது, மூன்று கம்பி சேர்த்து இயந்திரத்தால் அடித்த ஆங்கிலேய அடுக்கெஃகுக் குழல், எஃகுக் குழல்களையும் தாண்டி முதலில் நின்றது. சிக்கல் பிறந்த அன்றைய வலிமையில் இல்லை. ஒரு குழலில் பல அடி நீளத்துக்குச் சூட்டில் இணைத்த தையல்கள் இருக்கின்றன. எங்காவது ஒரு தையலில் கசடு சிக்கியிருந்தால், நூறாண்டு ஈரம் அந்த வழியே உள்ளே இறங்கியிருக்கும். வெளியே கோலம் அழகாகத்தான் இருக்கும். கண்ணால் பார்த்து யாரும் உறுதி கொடுக்க முடியாது.

அதனால் சுடுவதைப் பற்றிய என் தீர்ப்பு கடுமையானது. டமாஸ்கஸோ எஃகோ, நைட்ரோ முத்திரை இல்லாத குழலில் இன்று கடையில் விற்கும் தோட்டாவைப் போடவே கூடாது. ஐரோப்பிய நிலையான அளவுகோலின்படி இன்றைய சாதாரணப் பன்னிரண்டு போர் தோட்டா 740 பார் அழுத்தம் வரை போகலாம். நைட்ரோவுக்கு முந்தைய கருமருந்துக் காலத்துக் குழல் அதற்குச் செய்ததல்ல. அறை நீளத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. பழைய அறை 2½ அங்குலம், 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டா 70 மில்லிமீட்டர். அந்த 70, சுட்டபின் வாய் விரிந்த நீளம். சுடுவதற்கு முன் மடிப்போடு இருக்கும்போது அது குட்டைதான், பழைய அறைக்குள் சிரமமில்லாமல் நுழைந்துவிடும், துப்பாக்கியும் ஒழுங்காக மூடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அறைக்கு முன்னாலுள்ள கூம்புப் பகுதிக்குள் நெருக்கி, ரவை போகும் வழியை அடைத்து, அழுத்தத்தை ஏற்றும். மூடியதே, சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு இங்கே ஆளைக் கொல்லும். இருபது போர் தோட்டா பன்னிரண்டு போர் அறைக்குள் வழுக்கிப்போய் நடுவில் சிக்கிக்கொள்வதும், காலி என்று நினைத்துப் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுடுவதும் அதே வகை விபத்து.

சுவரின் கனத்தைப் பற்றி ஒரு கணக்கு. உள்ளழுத்தம் குழலைப் பிளக்க முயலும்போது உலோகத்தில் ஏறும் இழுவிசை, சுவர் எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு கூடும். 0.6 மில்லிமீட்டர் சுவரில் 0.2 ஆழத்துக்குத் துருக்குழி விழுந்தால் அங்கே மிஞ்சுவது 0.4. இழுவிசை ஒன்றரை மடங்காகிறது. இங்கிலாந்துப் பட்டறைகளில் 0.02 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர்தான் மெலிவுக்குக் கடைசி எல்லை என்பார்கள். சுவர்க்கனமானி இல்லாமல் இதை அறிய முடியாது. கருவியும் பழக்கமும் உள்ள துப்பாக்கிக் கலைஞரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கக் கூடியவையும் உண்டு. கழற்றிய குழல்களின் உள்வழியே வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் வட்ட வட்டமாக நிழல்கள் தெரியும். வட்டம் ஓரிடத்தில் நசுங்கினால் வெளியே அடிபட்டு உள்ளே குழிந்திருக்கிறது. கருத்த வளையம் ஒன்று தனியாக நின்றால் அங்கே குழல் புடைத்திருக்கிறது. பிறகு குழல்களை அடிக்கொக்கியில் ஒரு கயிறு போட்டுத் தொங்கவிட்டு விரல்முட்டியால் தட்டுங்கள். மணியடித்ததுபோல் நீண்டு ஒலித்தால் நடுப்பட்டிகள் இறுகப் பற்றியிருக்கின்றன. கரகரத்து உடனே அடங்கினால் எங்கோ பற்று விட்டிருக்கிறது, அந்த இடுக்கில் ஈரம் புகுந்து உள்ளே துரு ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தப் பட்டிகளைப் பற்றவைத்தது ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென்பற்றாசு. பழைய துப்பாக்கிக்குப் ‘புதுக் கருநீலம் ஏற்றித் தருகிறேன்’ என்று சொல்பவரிடம் இதனால்தான் கொடுக்கக் கூடாது. இன்றைய வேக முறையில் குழலைக் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கொதிக்கும் தொட்டியில், 140 பாகை வாக்கில் முக்குவார்கள். ஈயமும் வெள்ளீயமும் காரத்தில் கரையக்கூடியவை. குழல் கறுத்து அழகாக வெளியே வரும், பட்டி விட்டுப்போகும், இடுக்கில் தங்கிய காரம் வருடக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும். மெருகேற்றும் சக்கரம் அதைவிடக் கொடியது. சோதனை முத்திரையையும் பூ வேலையின் கூர்மையையும் ஒரே வேளையில் மழித்துவிடும். பூட்டுத்தகட்டில் நீலமும் பழுப்புமாக மேகம்போல் படர்ந்த நிறம் எலும்புக்கரியோடு சுட்டெடுத்த கடினப் படலத்தின் மேல் நிற்பது, தலைமுடியைவிட மெல்லியது. ஒரு முறை தேய்த்தால் போனது போனதுதான்.

துடைப்பதற்கு எண்ணெய் போதும் என்று நினைப்பதும் தவறு. கருமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அதிலுள்ள பொட்டாசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுக்கும். 1920களின் இறுதிவரை வந்த தோட்டாக்களின் பற்றவைப்பு மூடிகளில் பொட்டாசியம் குளோரேட் இருந்ததால், அது குளோரைடாக மாறிக் குழலில் படியும். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் பூசினால் உப்பை உள்ளே வைத்து மூடியதாகிறது. முதலில் வெந்நீர், பிறகு ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தல், அதன்பிறகே எண்ணெய் என்பது கருமருந்துக்காரர்கள் அனுபவத்தில் கண்ட வரிசை.

எண்ணெயிலும் தேர்வு வேண்டும். நம் வீடுகளில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும். நல்லெண்ணெய் காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாகிப் பூட்டின் வில்லைப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் கெட்டுப்போய்க் கொழுப்பமிலம் விடும். கனிம எண்ணெயில் மெல்லியதாக ஒரு பூச்சு போதும், துடைத்தபின் விரலில் ஒட்டினால் அதிகம். ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதற்கு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான ரெனசான்ஸ் மெழுகு போன்ற நுண்படிக மெழுகு இன்னும் நல்லது. வியர்வை உப்பு நேரே படாமல் தடுக்கும்.

எண்ணெய் மிகுந்தால் கெடுவது மரம். வால்நட் கட்டையின் தலைப்பகுதிதான் சுடும்போது வரும் பின்னுதைப்பைத் தாங்குகிறது. துப்பாக்கியை வாய் மேல்நோக்க நிறுத்தி வைத்தால், பூட்டிலிருந்து எண்ணெய் கசிந்து அந்த மரத்துக்குள் இறங்கும். மரம் கறுத்து மெத்தென்றாகும், இரும்பு அதில் ஆட்டம் காணும், கட்டை பிளக்கும். எண்ணெய் போட்ட அன்று வாயைக் கீழாக்கி நிறுத்துங்கள். கட்டைக்கு மேல்பூச்சாக ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் மிகக் கொஞ்சமாகத் தேய்க்கலாம். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் விடும். சுருட்டிய துணியில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவைக்க வேண்டும்.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இந்தியாவில் வேட்டைத் துப்பாக்கிகளுக்கு வேலை குறைந்துவிட்டது. பெரும்பாலானவை உறைக்குள்ளேயே காலம் கழிக்கின்றன, கெடுவதும் அங்கேதான். கித்தான் உறையும் தோலுறையும் மழைக்கால ஈரத்தைக் குடித்து உலோகத்தோடு ஒட்டி வைத்திருக்கும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிய நிலை வரும்போது, கொடுப்பதற்கு முன் குழலுக்கு உள்ளும் புறமும் மெழுகு பூசி, முடிந்தால் உறையின் வாயைத் திறந்தே கொடுக்கலாம். திரும்பி வந்த அன்றே உறையைக் கழற்றிக் காற்றாட வைத்துப் பார்க்க வேண்டும்.

துப்பாக்கியின் எண் பெரும்பாலும் குழலடி, விசைக்காப்பு, முன்கட்டை இரும்பு ஆகிய இடங்களில் குத்தியிருக்கும். எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். குழலில் மட்டும் வேறு எண் இருந்தால் குழல் பின்னால் மாற்றப்பட்டிருக்கிறது, அமைப்பைப் பார்த்துக் கணித்த வயது குழலுக்குப் பொருந்தாது. குழலடியைச் சாய்ந்த வெளிச்சத்தில் தெளிவாகப் படமெடுத்து உரிமத்தோடு சேர்த்து வையுங்கள். பிறகு ஒரு தடித்த அட்டையில் எண்களையும், அறையின் நீளத்தையும், எந்த மருந்துக்குச் சோதித்தது என்பதையும், கடைசியாகத் துளை அளந்த நாளையும் எழுதி விசைக்காப்பு வளையத்தில் கட்டிவிடுங்கள். அடுத்து அதைக் கையிலெடுப்பவர் 65 மில்லிமீட்டர் அறையில் 70 மில்லிமீட்டர் தோட்டாவைப் போடாமல் இருக்க அந்த அட்டை வேண்டும்.